வெளிச்சம் படாமலே பதிவான இருபது வருடம்

போடிநாயக்கனூரில் ஸ்டுடியோ நடத்தியவர்களின் பீரோக்களில் இன்றும் சில கலர் ஃபிலிம் ரோல்கள் கிடக்கின்றன. கல்யாண சீசனுக்கென்று மொத்தமாக வாங்கி வைத்து, டிஜிட்டல் கேமரா வந்ததும் அப்படியே மிஞ்சிப்போனவை. அதில் ஒரு கோனிகா ரோல் என் கைக்கு வந்தது. 36 படம், ஐ.எஸ்.ஓ. 100. அட்டையின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி 2004. தயாரித்த நிறுவனமே 2006இல் ஃபிலிம் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. ரோல் மட்டும் அட்டை பிரிக்காமல், டப்பா திறக்காமல் இருந்தது. ஒளிக்காகவே செய்யப்பட்ட பொருளின் மேல் ஒரு துளி ஒளியும் படவில்லை. அப்படியென்றால் உள்ளே காலாவதியானது எது?

பதிலைத் தேடினால் அது வேதியியலில் தொடங்கி, போடிக்கு மேற்கே நிற்கும் மலையின் பாறை வரை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிலிம் இருட்டிலும் சும்மா இருப்பதில்லை. கேமராவுக்குள் நுழைவதற்கு முன்பே அது பதிவு செய்யத் தொடங்கிவிடுகிறது: சூட்டை, ஈரத்தை, வானத்திலிருந்து இறங்கும் துகள்களை. பழைய ஃபிலிமில் நாம் எடுக்கும் எந்தப் படமும் வெற்றுத்தாளில் எழுதும் எழுத்தல்ல. அதற்கு முன்பே அங்கே ஏதோ எழுதியிருக்கிறது.

கலர் நெகட்டிவின் மேல் உள்ள ரசாயனப் பூச்சு மொத்தமும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்தான். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் உண்டு. மேலே நீல ஒளியைப் பிடிக்கும் அடுக்கு, நடுவில் பச்சையைப் பிடிப்பது, அடியில் சிவப்பைப் பிடிப்பது. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே மஞ்சள் வடிகட்டி ஒன்று, மிச்ச நீல ஒளி கீழே இறங்காமல் தடுக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் ஜெலட்டினுக்குள் பதிந்திருப்பவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். கூடவே, பின்னால் சாயமாக மாறப்போகும் வேதிப்பொருள்கள் நிறமில்லாமல் காத்திருக்கின்றன.

ஒரு படிகத்தின் மேல் ஒளி படும்போது நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஒளித்துகள் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான் ஒரு வெள்ளி அயனியைப் பிடித்து வெள்ளி அணுவாக்குகிறது. ஒற்றை அணு நிலைக்காது. சற்று நேரத்தில் கலைந்துவிடும். அதற்குள் அடுத்த ஒளித்துகள் வந்து இரண்டாவது அணு சேர்ந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும், அது நிலைத்த புள்ளி. படிகத்தில் இருப்பதோ நூறு கோடிக்கணக்கான வெள்ளி அயனிகள். அவற்றில் நான்கே நான்கு மாறியிருக்கின்றன. சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாத மாற்றம். ஆனால் டெவலப்பர் திரவம் அதைக் கண்டுகொள்ளும். நான்கு அணுப் புள்ளி உள்ள படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றும். புள்ளி இல்லாத படிகத்தைத் தொடாது. அந்த மாற்றத்தில் செலவழிந்த டெவலப்பர், பக்கத்தில் காத்திருக்கும் நிறமிலிப் பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. நீல அடுக்கில் மஞ்சள், பச்சை அடுக்கில் மெஜந்தா, சிவப்பு அடுக்கில் சயான். கடைசியில் வெள்ளி முழுவதும் கரைத்து வெளியேற்றப்படுகிறது. கையில் மிஞ்சும் நெகட்டிவில் இருப்பது சாயம் மட்டுமே.

நான்கு அணுக்கள் என்ற இந்தச் சிறிய எண்தான் ஃபிலிமின் பலம். காலாவதிக்குக் காரணமும் அதுதான்.

சுத்தமான வெள்ளி ஹாலைடுக்கு இவ்வளவு கூர்மையான பார்வை கிடையாது. அதன் மேல் கந்தகமும் தங்கமும் மிக மிகச் சிறிய அளவில் ஏற்றினால்தான் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடும். கந்தகத்தின் பங்கு தெரியவந்த கதையில் நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்கு ஒன்று வருகிறது. ஒரே மாதிரி தயாரித்த ஃபிலிமில், சில ஜெலட்டினில் செய்தது வேகமாகவும் சிலவற்றில் செய்தது மந்தமாகவும் இருந்தது ஏன் என்று கோடாக் நிறுவனத்தில் சாமுவேல் ஷெப்பர்டு ஆராய்ந்தார். 1925இல் விடை வெளியானது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. அந்த மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் தங்கியிருந்தது. எந்த மாடு எங்கே மேய்ந்தது என்பது ஃபிலிமின் பார்வையைத் தீர்மானித்திருக்கிறது! அதன்பிறகு மாட்டை நம்பாமல் கந்தகத்தைத் தாங்களே அளந்து சேர்த்தார்கள்.

இப்படிக் கூர்தீட்டிய படிகம் விளிம்பில் நிற்கும் படிகம். அதைத் தள்ளிவிட ஒளிதான் வர வேண்டும் என்றில்லை. வெறும் சூடே போதும். அணுக்களின் அதிர்வில் எப்போதாவது ஓர் எலக்ட்ரான் விடுபடும். எப்போதாவது நான்கு அணுக்கள் கூடிவிடும். டெவலப்பருக்கு இந்தப் புள்ளி ஒளியால் வந்ததா, வெக்கையால் வந்ததா என்று தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலவே சாயமாக்கும். படம் முழுவதும் ஒரு மூட்டம் பரவும். சூடு பத்து டிகிரி ஏறினால் இத்தகைய வேதிமாற்றங்களின் வேகம் சுமாராக இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. குளிர்ப்பெட்டியில் இருபது வருடம் இருந்த ரோலும், சித்திரை வெயிலில் தகிக்கும் கூரையடியில் இரும்புப் பீரோவில் இருபது வருடம் இருந்த ரோலும் ஒரே தேதியைச் சுமந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல.

இந்த மூட்டத்தை அடக்கும் நிலைப்படுத்திகளும் ஃபிலிமில் உண்டு. 1935இல் ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்து ஆக்ஃபா ஆலையில் பிர் என்ற வேதியியலாளர் கண்டறிந்த ஒரு சேர்மக் குடும்பம் இன்றுவரை அந்த வேலையைச் செய்கிறது. அதே ஆலைதான் பின்னாளில் ஓர்வோ என்று பெயர் மாறியது. எழுபதுகளின் தமிழ்ப் படங்களின் டைட்டிலில் ‘ஓர்வோ கலர்’ என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

சூட்டை விட்டால் ஈரம். போடி தரையில் காய்கிற ஊர். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டைத் தாண்டினால் ஏலக்காட்டு ஈரம் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் நாள்கணக்கில் மேகம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். ஜெலட்டின் புரதம் என்பதால் பூஞ்சைக்கு நல்ல தீனி. அடிப்பாகமான அசிட்டேட் பட்டையையும் சூடும் ஈரமும் சேர்ந்து சிதைக்கும். சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகி வினிகர் வாடை அடிக்கும். இந்தச் சிதைவு உலகுக்குத் தெரியவந்ததே நம் நாட்டிலிருந்துதான். கோடாக் நிறுவனம் 1948இல் தீப்பிடிக்காத டிரைஅசிட்டேட் ஃபிலிமைக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்குள் முதல் புகார் இந்திய அரசிடமிருந்து போனது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்திருந்த சுருள்கள் கெட்டுப்போயிருந்தன.

நிறத்தைக் காப்பாற்றுவது என்ற விஷயத்தில் போடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏலக்காய்க்கு விலை கிடைப்பதில் பச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பச்சை குளோரோஃபில். வெளிச்சமும் ஈரமும் சூடும் அதைத் தின்றுவிடும். ஆகவே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பக்குவமான சூட்டில் காயவைத்து, உள்ளே கறுப்பு பாலித்தீன் போட்ட சாக்கில் கட்டி, மரப்பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள். ஃபிலிமையும் அதே மூன்று எதிரிகளிடமிருந்துதான் காக்க வேண்டும்: ஒளி புகாத உறை, இறுக்கமான மூடி, குளிர்ச்சியான இடம். ஊட்டியில் 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்தியை ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மலைமேல் அமைந்ததற்கும் குளிர்ந்த, தூசியற்ற காற்றுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் எந்தச் சாக்கும் பெட்டியும் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை அந்த மேற்கு மலையிடம் கொண்டுபோனது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதி மியுவான் என்ற துகள்களாகச் சிதறி இறங்குகின்றன. கடல்மட்டத்தில், உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழும். படுக்கவைத்த ஃபிலிம் ரோல் சுமார் பத்து சதுர சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். நிமிடத்துக்குப் பத்து, வருடத்துக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல். இருபது வருடத்தில் பத்துக் கோடி. ஒவ்வொன்றும் கூரையை, பீரோவை, டப்பாவை, சுற்றிவைத்த ஃபிலிமின் அத்தனை சுற்றுகளையும் துளைத்துக்கொண்டு போகிறது. போகும் வழியில் படிகங்களில் எலக்ட்ரான்களை உதறிவிட்டுப் போகிறது. ஈயப்பெட்டியில் பூட்டினாலும் மியுவான் நிற்காது. குளிர்ப்பெட்டி சூட்டைத் தடுக்கும், இதைத் தடுக்காது. படிகம் பெரிதாக இருக்க இருக்க அடிபடும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஐ.எஸ்.ஓ. 800, 1600 போன்ற வேகமான ஃபிலிம்கள் சீக்கிரம் பாழாகும். ஐ.எஸ்.ஓ. 100 நின்று தாங்குவதற்கு அதன் சிறு படிகங்களே காரணம்.

இந்த மியுவான்களிடமிருந்து தப்பிக்கத்தான் இயற்பியலாளர்கள் போடிக்கு வந்தார்கள். பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகையில் நியூட்ரினோ என்ற துகளைத் தேடும் 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை வைப்பது திட்டம். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. தண்ணீர், காடு, பாறை வெடிப்பு பற்றிய மக்களின் அச்சமும் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் பதிவு செய்தது. அந்த மக்களின் கேள்விகள் நியாயமானவை என்றே நான் நினைக்கிறேன். என்றாலும், இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததன் பின்னாலிருந்த இயற்பியல் அழகானது. அந்தப் பாறைக்கூரை மியுவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். பீரோவில் பத்துக் கோடி மியுவான்களை வாங்கிய ரோல், மலைக்கு அடியில் இருந்திருந்தால் இருபது வருடத்தில் நூறு வாங்கியிருக்கும்.

அங்கேயும் முழுத் தப்பிதல் கிடையாது. பாறையிலேயே பொட்டாசியம், தோரியம், யுரேனியம் சிறிதளவு உண்டு. அவற்றின் காமா கதிர்களும் படிகத்தில் புள்ளி வைக்கும்.

ஃபிலிமின் இந்தக் ‘குறை’யையே கருவியாக்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. கல்கத்தா போஸ் நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் டார்ஜிலிங்கிலும் சந்தக்ஃபூ உச்சியிலும் போட்டோத் தட்டுகளை மாதக்கணக்கில் இருட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். லென்ஸ் இல்லை, கேமரா இல்லை. பிறகு கழுவிப் பார்த்தபோது, துகள்கள் ஓடிய தடம் வெள்ளிப் புள்ளிகளின் வரிசையாகத் தெரிந்தது. அந்த வரிசைகளிலிருந்து, எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ இருநூறு மடங்கு நிறையுள்ள துகளைக் கண்டு 1941, 42இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். போர்க்காலத்தில் இதைவிட நுட்பமான தட்டுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு மேம்பட்ட தட்டுகளில் இதே வழியில் பயான் என்ற துகளைக் கண்டறிந்த செசில் பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. சௌதுரியின் பெயரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அணுகுண்டு ரகசியத்தையும் ஃபிலிம் ஒருமுறை உடைத்தது. 1945இல் கோடாக்கின் எக்ஸ்ரே ஃபிலிம்களில் காரணம் தெரியாத கறுப்புப் புள்ளிகள் வந்தன. அங்கே பணியாற்றிய ஜூலியன் வெப் தேடிப்போனார். ஃபிலிமைப் பொதியும் வைக்கோல் அட்டையில் கதிரியக்கம் இருந்தது. அட்டை வந்தது இந்தியானா மாநிலத்து ஆலையிலிருந்து; அந்த ஆலை ஆற்றுநீரைப் பயன்படுத்துவது. ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் சாம்பல், ஆயிரம் மைல் தாண்டி மழையோடு அந்த ஆற்றுப்படுகையில் இறங்கியிருந்தது.

சரி, இத்தனையும் ஏற்கெனவே பதிந்திருக்கும் ரோலில் படம் எடுப்பது எப்படி? மூட்டத்தைத் துடைக்க வழியில்லை. அதைவிட உரக்கப் பேசுவதுதான் வழி. கலர் நெகட்டிவுக்குப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு: பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி, அதாவது இரண்டு மடங்கு. இருபது வருடத்துக்கு நான்கு மடங்கு. ஐ.எஸ்.ஓ. 100 ரோலை 25 என்று நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். போடி வெயிலில், இலவ மரங்கள் நிற்கும் அடிவாரத்தில் இது சிரமமே இல்லை. எஃப் 8, 1/125 விநாடி. மேலே ஏலக்காட்டுக்குள் நுழைந்ததும் கதை மாறும். ஏலம் நிழலில் வாழும் செடி. உயர்ந்த மரங்களின் கீழ் வெளிச்சம் முப்பதில் ஒரு பங்காகக் குறையும். எஃப் 4, 1/15 விநாடி. முக்காலி இல்லாமல் முடியாது. மேகம் இறங்கிய காலையில் ஒன்றிரண்டு விநாடி வரைகூடப் போகும்.

அங்கே படிகத்தின் இயல்பு இன்னொரு தடை போடுகிறது. ஒற்றை வெள்ளி அணு நிலைக்காது என்று பார்த்தோம். ஒளி சொட்டுச் சொட்டாக வந்தால், இரண்டாவது ஒளித்துகள் வருவதற்குள் முதல் அணு கலைந்துவிடும். விநாடிக்கணக்கில் நீளும் எக்ஸ்போஷரில் நேரத்தை இரட்டித்தாலும் பதிவு இரட்டிப்பாகாது. மூன்று அடுக்குகளும் ஒரே அளவில் தளர்வதும் இல்லை. ஆக, நிழலின் நிறம் இன்னும் தடம் மாறும். பழைய ரோலை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்களுக்கு நான் சொல்வது, மரக்கிளை விலகி வெயில் விழுந்த இடத்தில் படம் எடுங்கள் என்பதுதான். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கு ஸ்லைடு ஃபிலிமுக்குப் பொருந்தாது. அதில் கூடுதல் ஒளி படத்தையே வெளிறச்செய்துவிடும்.

கழுவும் முறை மாறவில்லை. 1972இல் வந்த சி-41 முறைதான் இன்றும். டெவலப்பர் 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், மூன்று நிமிடம் பதினைந்து விநாடி. கால் டிகிரி பிசகினால்கூட அடுக்குகளின் சமன் குலையத் தொடங்கும். கோடையில் போடியின் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டை நெருங்கிவிடும்; மலைமேல் கார்த்திகை மார்கழியில் வாளி வெந்நீரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. பழைய ஃபிலிம் சுருண்டே பழகியது. இருட்டுப் பைக்குள் கையை விட்டு டாங்க் ரீலில் ஏற்றும்போது வில்போல எதிர்த்துத் திமிறும். நுனியை முதல் பள்ளத்தில் செருகிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். கையுறை அவசியம்; கலர் டெவலப்பர் தோலுக்கு ஆகாது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் ஃபிலிமின் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் கொட்டக்குடி ஆற்றுக்குப் போகும். லேப்களிடம் கொடுத்துவிடலாம்.

டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தால் படம் தெளிவாகும் என்று ஆசைப்படக் கூடாது. நான்கு அணுப் புள்ளி எதனால் வந்தது என்று அறியாத திரவம், படத்தோடு மூட்டத்தையும் சேர்த்தே வளர்க்கும்.

டாங்கிலிருந்து எடுத்த ஃபிலிம் ஈரத்தில் பால் கலந்ததுபோல் மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத் தெளியும். புது நெகட்டிவின் அடிநிறம் இளஞ்செம்மஞ்சள். என் கோனிகா ரோலில் அது கருப்பட்டி நிறத்துக்கு அழுந்தியிருந்தது. படங்களுக்கு இடையே உள்ள வெற்றுப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேமராவின் ஒளி ஒருபோதும் படாத இடம் அது. அங்கேயும் சாயம் ஏறியிருந்தது. இருபது வருட வெக்கையும் மியுவான்களும் எடுத்த படம் அந்தப் பட்டைதான்.

ஸ்கேனரில் நிறம் திரும்பியபோது, வெயில் பட்ட மலைச்சரிவு ஏறக்குறைய இயல்பாகவே வந்தது. நிழல்கள் நீலத்துக்குச் சாய்ந்திருந்தன. காரணம் தெளிவு. மேலடுக்கில் மூட்டம் கூடினால் நெகட்டிவில் தேவையற்ற மஞ்சள் சாயம் சேரும். அது படத்தில் நீலமாகத் திரும்பும். வெளிச்சமான பகுதிகளில் படம் வலுவாக இருப்பதால் மூட்டம் அடங்கிவிடும். இருளில் மூட்டமே ஓங்கும். நிழலைச் சரிசெய்தால் வெயில் மஞ்சளாகும், வெயிலைச் சரிசெய்தால் நிழல் நீலமாகும். ஒரே திருத்தத்தில் இரண்டும் அடங்காது. ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு விதமாகச் சாயும், பச்சையாகவோ மெஜந்தாவாகவோகூட. இந்தச் சாயலைப் போலிசெய்யும் செயலிகள் ஃபோனில் நிறைய வந்துவிட்டன. ஒரே அச்சை எல்லாப் படத்திலும் குத்துகின்றன அவை. உண்மையான ரோலில் நிறம், அது கிடந்த வீட்டின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது.

இதைவிட அவசரமான வேறொரு வகை ரோல் உண்டு. படம் எடுத்து முடித்து, கழுவாமலே விட்டுவிட்டது. அதில் மூட்டம் வளர்வதோடு, ஒளியால் வந்த நான்கு அணுப் புள்ளிகளும் ஈரத்திலும் காற்றிலும் மெல்லக் கரைகின்றன. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மாண்ட சுவீடன் நாட்டு ஆந்த்ரே குழுவின் ஃபிலிம், 1930இல் ஒரு பனித்தீவில் கிடைத்தது. 33 வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அதைக் கழுவி 93 படங்களை மீட்டார். அது கறுப்பு வெள்ளை, அதுவும் உறைபனியில் இருந்தது. தேனி மாவட்டத்து அலமாரியில் கிடக்கும் கலர் ரோலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. கோடாக்ரோம் ரோலாக இருந்தால் அதை வண்ணத்தில் கழுவித் தரும் வணிக லேப் இப்போது இல்லை. கடைசி லேப் 2010 டிசம்பரோடு அந்த ரோல்களை வாங்குவதை நிறுத்திவிட்டது, இனிக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவலாம். கேசட்டில் சி-41 என்று அச்சிட்டிருந்தால் வழி இன்னும் திறந்திருக்கிறது. அனுப்பும்வரை ஈரம் புகாத பையில் கட்டிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். லேப்காரரிடம் நேரத்தைக் கூட்டாமல் வழக்கமான முறையிலேயே கழுவச் சொல்லிவிட்டு, நெகட்டிவைத் திருப்பித் தருமாறு மறக்காமல் கேளுங்கள். நிறத்தைச் சரிசெய்வதெல்லாம் அதற்குப் பிறகு ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளலாம்.